ஸ்பீக்கர் துளையில் சந்தனம்

மைக் ஆட்டோக்காரன் வீட்டுல சத்தத்துக்கா பஞ்சம்னு கேப்பீக. எங்க வீட்டுல எட்டு மாசம் ஒரு சத்தமும் இல்ல. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரோட ஒயர நானே பின்னால கைய விட்டுப் பிடுங்கிப் போட்டுட்டேன். எம் பொண்டாட்டி செத்த பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, சொந்தக்காரவுகல்லாம் பஸ் ஏறிப் போன அன்னைக்குச் செஞ்ச வேலை அது.

வீடு உத்தமபாளையத்துல. சின்னமனூர்ல இருந்து கம்பம் வரைக்கும், நடுவுல அனுமந்தன்பட்டி உட்பட, நம்ம ஆட்டோ போகாத தெருவு கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, கரண்டு நிக்கிற நாளு, அப்புறம் சாவு. இன்ன தெருவுல இன்னார் காலமாயிட்டாக, இத்தனை மணிக்கு எடுக்குறாகன்னு ஆட்டோவுல சொல்லிட்டுப் போனாத்தான் எங்க பக்கம் சாவுக்கே ஒரு மரியாதை. முன்னெல்லாம் ஆள் உக்காந்து தொண்டை கிழியக் கத்திட்டுப் போகணும். இப்ப வீட்டுலயே பேசிப் பதிஞ்சு பென்டிரைவுல ஏத்தி விட்டா அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகும். எங்க வீட்டு நடு அறையில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பத்து வருசத்துக்கு மேல அப்படிப் பேசுனது எம் பொண்டாட்டி.

அவளுக்கு ரெண்டு குரல். தள்ளுபடிக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. சாவுக் குரல்ல பேசுனான்னா, இட்லி சுட்டுக்கிட்டு இருக்குற பொம்பளை அடுப்ப அணைச்சுட்டு வாசலுக்கு வந்துருவா. இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல எத்தனை பேர் போன சேதிய அவ சொல்லியிருப்பான்னு எனக்குக் கணக்குத் தெரியாது. அவ செத்தப்ப மட்டும் ஆட்டோ போகல. "ஊருக்கெல்லாம் போட்டான், சொந்தப் பொண்டாட்டிக்குப் போடலயே"ன்னு காதுபடப் பேசுனாக. யாரு குரலப் போடச் சொல்றாக? எவ குரலயோ வச்சு அவ பேரச் சொல்லவா? எனக்கு மனசு வரல.

அதுக்கப்புறம் நான் ரெக்கார்டிங்க விட்டேன். கடைக்காரவுகளே எங்கயாவது பதிஞ்சு செல்லுல அனுப்புவாக, நான் ஆட்டோவ மட்டும் ஓட்டுவேன். கம்ப்யூட்டர் மேல அவ சேலைத் துணி ஒண்ணு போட்டு மூடுனபடி கெடந்துச்சு.

ஆடி பொறந்து, எங்க பக்கத்துக் காத்து கதவைப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்த ஒரு மத்தியானம் மக கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணுனா. கொஞ்ச நேரம் சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளான்னு கேட்டுட்டு, "அப்பா, அம்மா சும்மா பேசுனது எதாச்சும் இருக்கா?"ன்னா.

"ஏன் ஆத்தா?"

"என் பழைய போன்ல இருந்ததெல்லாம் போயிருச்சுப்பா. அம்மாவ நெனைச்சா அந்த அறிவிப்புக் குரல்தான் வருது. யாரோ செத்துட்டாகன்னு சொல்ற மாதிரியே காதுல கேக்குது. வீட்டுல பேசுற குரல் எப்படி இருக்கும்னு மறந்துக்கிட்டே வருதுப்பா. பயமா இருக்கு."

எனக்கும் அதே கதைதான். நான் வெளிய சொல்லல, அவ சொல்லிட்டா. "இருக்குத்தா, கம்ப்யூட்டர்ல வெட்டாத ஃபைல் கெடக்கும், எடுத்து அனுப்புறேன்"னு வாக்குக் குடுத்துட்டேன்.

சும்மா சொல்லல. எம் பொண்டாட்டி பேசுறப்ப இருமுறது, தடுமாறுறது, இடையில என்கிட்ட எதாச்சும் கேக்குறது, எல்லாம் சேந்துதான் பதிவாகும். அதை வெட்டிச் சுத்தம் பண்ணி மியூசிக் சேக்குறது என் வேலை. வெட்டுறதுக்கு முந்துன ஃபைல நான் அழிக்கிறதில்ல. கடைசியாப் பதிஞ்சது ஒரு ஜவுளிக்கடையோட தீபாவளி விளம்பரம். அது அப்படியே இருக்கும்னு எனக்குத் தெரியும்.

துணிய எடுத்து, தூசியத் தட்டி, ஒயரப் பழைய இடத்துல பச்சைத் துளையில சொருகி, ஆன் பண்ணுனேன். முதல்ல ஒரு பழைய தள்ளுபடி விளம்பரத்தப் போட்டுப் பாத்தேன். மியூசிக் வந்துச்சு, ஏதோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. அவ குரல் வரல. இன்னொண்ணு போட்டேன். அதுலயும் மியூசிக் இருக்கு, அவ இல்ல. சாவு அறிவிப்பு ஒண்ணப் போட்டேன். ஷெனாய் மட்டும் அழுதுக்கிட்டு இருக்கு, செத்தது யாருன்னு சொல்ல ஆளில்ல.

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. எனக்கு எப்பவும் அதுதான் முதல்ல வரும். டேபிளத் தட்டுனேன், ஸ்பீக்கரத் தட்டுனேன். வால்யூம நூறுல வச்சேன், ஸ்பீக்கர் குமிழையும் முழுசாத் திருகுனேன். மிக்ஸர்ல போயி எதுவும் கொறைஞ்சு கெடக்கான்னு பாத்தேன். போன் பேச்சு வந்தா மத்த சத்தத்த எம்பது சதவீதம் கொறைக்கிற ஒரு அமைப்பு விண்டோஸ்ல உண்டு, அதையும் எடுத்து விட்டேன். சவுண்ட் டிரைவரக் கழட்டித் திரும்ப ஏத்துனேன். ஒண்ணும் நடக்கல.

அப்புறம் அந்தத் தீபாவளி ஃபைலத் தொறந்தேன். அதுல மியூசிக் கிடையாது, பச்சையாப் பதிஞ்சது. ரெண்டு மைக் வச்ச சின்ன ரெக்கார்டர் என்னோடது. அவ அதுக்கு நேர் எதிர உக்காருவா. நான் ஒரு ஓரமா, கீபோர்டு பக்கம்.

"ம், ஆரம்பி."

என் குரல். அப்புறம் சத்தமில்ல. ஆனா ஸ்கிரீன்ல சத்தத்தக் காட்டுற பச்சை அலை எந்திரிச்சு எந்திரிச்சு விழுது. அங்கன அவ பேசிக்கிட்டு இருக்கா. கண்ணுக்குத் தெரியுது, காதுக்கு வரல.

"என்ன முழிக்கிற? பேப்பரப் பாத்துச் சொல்லு." நாந்தான்.

அலை எந்திரிக்குது, விழுது.

"சரியில்ல. திரும்பச் சொல்லு. இருமாமச் சொல்லித் தொலை, எத்தனையத்தான் வெட்டுறது?"

அலை சின்னச் சின்னதா நாலஞ்சு தடவ குத்திக் குத்தி நிக்குது. அது இருமல்னு பாத்தாலே எனக்குத் தெரியும். எத்தனை வெட்டியிருக்கேன். அதுக்குப் பின்னால கொஞ்சம் நீளமா, தாழ்வா ஒரு அலை. என்னமோ கேக்குறா.

"நாளைக்கெல்லாம் ஆகாது. இப்பச் சொல்லு."

மறுபடியும் ஒரு நீளமான அலை. அது முடியுற இடத்துல நான் சிரிக்கிறேன். ஒரே ஒரு சிரிப்பு, பட்டுன்னு.

இந்த வீட்டுல அவ பேசுனது அம்புட்டையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டா, நான் வஞ்சத மட்டும் எனக்குன்னு விட்டு வச்சிருக்கான்னுதான் தோணுச்சு. வால்யூமக் கூட்டக் கூட்ட என் குரல்தான் கூடுச்சு. தீபாவளி கழிஞ்சு மூணு வாரத்துல அவ போயிட்டா. நெஞ்சுல நீர் கோத்திருக்கு, லேட்டாக் கொண்டு வந்திருக்கீகன்னு தேனியில டாக்டர் சொன்னாக. அந்த இருமல் அதோட இருமல். என்னத்தடி கேட்ட அன்னைக்கு? நான் எதுக்கு நாளைக்கு ஆகாதுன்னேன்? அப்புறம் எதுக்குடி சிரிச்சேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல.

அந்த ஃபைலப் பென்டிரைவுல ஏத்தி ஆட்டோவுல போட்டுக் கேட்டிருக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். தெருவுல வச்சு அதக் கேக்க எனக்குத் துணிச்சல் இல்ல. அங்கயும் அவ குரல் வரலன்னா அப்புறம் நான் எங்க போறது? நாலு நாள் வீட்டுக்குள்ள அந்த அறைப் பக்கமே போகாமச் சுத்துனேன். காத்துல கதவு அடிச்சாக்கூட "இப்பச் சொல்லு"ன்னு என் குரல்தான் கேட்டுச்சு. மக தினமும் போன் பண்ணுனா. "கெடச்சுச்சாப்பா?"ன்னு கேக்கல, பாவம். சாப்பிட்டீகளான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிருவா.

அஞ்சாம் நாள் கம்ப்யூட்டர் பெட்டிய ஆட்டோவுல தூக்கி வச்சுக்கிட்டு தேனி அல்லிநகரத்துக்குப் போனேன். அங்க கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் ரெண்டும் பாக்குறவர் ஒருத்தர் இருக்காரு. என் வயசுதான், மாப்ளன்னு கூப்பிடுவாரு. "சவுண்ட் கார்டு போயிருச்சு மச்சான், மாத்திரு"ன்னேன். வேறென்னத்தச் சொல்ல?

அவரு தன் ஸ்பீக்கரச் சொருகி ஒரு சினிமாப் பாட்டப் போட்டாரு. மியூசிக் மட்டும் ஓடுச்சு. பாடுறவரு வரவே இல்ல. கடைக்காரரு ஒரு நிமிசம் கேட்டுட்டுச் சிரிச்சாரு.

"மாப்ள, பாட்டுக்காரனக் காணோம் பாத்தியா? ஒயரோட ஜாக்கு முழுசா உள்ள போகல. கிரவுண்டு ஒயரு தொடாமப் போனா, இடது வலது ரெண்டு பக்கமும் சமமா வர்ற சத்தம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும். நடுவுல நின்னு பேசுறவன் குரல் அம்புட்டும் காணாமப் போகும். ஓரத்துல இருக்குறது மட்டும் கேக்கும்."

ஓரத்துல இருந்தது நாந்தான். எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. நாலு நாளா ஒரு பாட்டப் போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணலயே, கூறுகெட்டவனுக்கு.

அவரு டார்ச் அடிச்சுத் துளைக்குள்ள பாத்தாரு. "உள்ள என்னமோ அடைச்சிருக்கு. மஞ்சளா இருக்கு. என்னய்யா இது, சந்தனமா?"

சந்தனம்தான். ஆயுதபூசைக்கு அவ வச்சது. ஆட்டோவுக்கு, ஆம்ப்ளிஃபயருக்கு, மைக்குக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் வச்சுட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால வச்சது பத்தாதுன்னு பின்னாலயும் கைய விட்டு ஒயர் சொருகுற இடமெல்லாம் அப்புனா. "கம்ப்யூட்டர் என்னடி கறவை மாடா? கூறு இருக்கா உனக்கு?"ன்னு அதுக்கும் வஞ்சேன். "சோறு போடுற எல்லாத்துக்கும் பொட்டு உண்டு. நீங்க உங்க சோலியப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே குங்குமத்தையும் வச்சா. அது காஞ்சு இறுகியிருக்கு. பதினாறாம் நாள் நான் வெறியில ஒயரப் பிடுங்குனப்ப உடைஞ்சு, திரும்பச் சொருகுறப்ப துளைக்குள்ள போயிருக்கு.

கடைக்காரரு ஊக்க எடுத்தாரு. "இரு மச்சான்"னு கையப் பிடிச்சுட்டேன். அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. வீட்டுல நடந்தது அவருக்குத் தெரியும். ஊக்க என் கையில குடுத்துட்டு டீ சொல்லப் போயிட்டாரு. நானே நோண்டி எடுத்தேன். பொடியும் ரெண்டு துண்டுமா வந்துச்சு. ஒரு துண்டுல குங்குமம் ஒட்டியிருந்துச்சு. பில் தாளக் கிழிச்சு அதுல வச்சு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். பாட்டுக்காரன் திரும்பி வந்துட்டான், கணீர்னு.

வீட்டுக்கு வந்து மாட்டுனேன். கதவச் சாத்துனேன். அந்த ஃபைலப் போட்டேன்.

பேசுனா. வீட்டுக் குரல்ல. மூக்கு லேசா அடைச்சிருந்துச்சு. "எதப் பாத்துப் பேச, இதையா?"ன்னு கேட்டா. விளம்பரத்தத் தொடங்கி ரெண்டு தடவ தடுமாறுனா. இருமுனா. நான் வஞ்சேன். மறுபடியும் இருமுனா. அப்புறம் அந்தத் தாழ்வான அலை வந்துச்சு.

"மூச்சு வாங்குதுங்க. நாளைக்குச் சொல்லட்டா?"

"நாளைக்கெல்லாம் ஆகாது. இப்பச் சொல்லு."

அவ தொண்டையச் செருமிக்கிட்டு, அந்தச் சாவுக் குரல எடுத்தா. "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இந்த வீட்டு மனுசருக்கு இப்பக் கோவம் வந்திருக்கு. யாரும் பயப்பட வேணாம். ஒரு டீ போட்டுக் குடுத்தாச் சரியாப் போயிரும்." அதுக்குத்தான் நான் சிரிச்சிருக்கேன். சிரிச்சுட்டு அவள விட்டேனா? இல்ல. அவ மறுபடியும் தொடங்கி, இருமாம, ஒரே மூச்சுல விளம்பரம் முழுக்கச் சொல்லி முடிச்சா. அதத்தான் தீபாவளி வரைக்கும் தெருத்தெருவாப் போட்டுக்கிட்டுப் போனேன்.

மகளுக்கு அனுப்பணும். மவுஸ் கையில இருந்துச்சு. நான் வஞ்சது, அவ நாளைக்குச் சொல்லட்டான்னு கேட்டது, நான் மாட்டேன்னது, மூணையும் மவுஸால இழுத்துக் கருப்பாக்கி ஒரு பட்டனத் தட்டுனா, வெட்டுன தடமே தெரியாது. பத்து வருசமா நான் செஞ்ச வேலை. இருமல் இல்லாத அம்மாவும் வையாத அப்பாவும் அவளுக்குக் கெடச்சிருப்பாக. வெட்டாம அனுப்பிட்டேன்.

சாயங்காலம் போன் வந்துச்சு. மூக்க உறிஞ்சுற சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு.

"இதான்பா அம்மா குரல். இதேதான்."

"ம்."

"அன்னைக்கு முடிச்சதும் அம்மா டீ போட்டுச்சாப்பா?"

இது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே அடுப்படிக்குப் போனா.

"போட்டா ஆத்தா."

"நீங்க குடிச்சீகளா?"

"குடிச்சேன்"னேன்.