அக்காவுக்கு எவ்வளவு போடுவேன்?

எண்பதுகளின் நடுவில் நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அக்கா தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தாள். கூடப் படிக்கும் மேரியும் ஈப்போக்காரிதான். பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க அவள் வருவதாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, அவ போற வரைக்கும் ரூம்லயே இரேன்," என்றேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேரிக்கு ஃபஸி கணம் பிடிபடவில்லை. "சாதாரணக் கணத்துல ஒரு ஆளு உள்ள இருக்கும், இல்லாட்டி வெளிய இருக்கும். இதுல அப்படி இல்ல. வெளியன்னா சுழியம், முழுசா உள்ளன்னா ஒண்ணு, நடுவுல எவ்ளோ வேணும்னாலும் போடலாம். 'உயரமானவங்க' கணத்துல உனக்கு அரை போடலாம்லா," என்றேன்.

அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "'குணமானவங்க'ன்னு ஒரு கணம் இருந்தா, எனக்கு எவ்ளோ போடுவே?"

என் முகம் சுட்டது.

"யாரு உள்ள?" என்றாள் மேரி.

"என் அக்கா. தஞ்சோங் ரம்புத்தான்லேருந்து இப்பதான் வந்திருக்கு," என்று சொல்லி, எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். "நீயே சொல்லுக்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "காலையில அரைதான். இப்ப முக்கால் இருக்கும்லா."

"இப்பதான் எனக்குப் புரியுது. இங்க வந்து உட்காருங்கக்கா," என்று மேரி நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று முழுக்க அக்கா எங்களோடு இருந்தாள். அந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். ஆனால் கூடப் பிறந்தவளுக்குச் சுழியம் போட்டு அறைக்குள் வைத்தவள் நான். அதைப் பற்றி அக்கா ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.