பார்க்கத் தவறிய கொழுந்து

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்று சம்பாதித்ததையெல்லாம் மகுடேஸ்வரன் மடத்துக்குளத்து எலுமிச்சைத் தோட்டத்தில்தான் போட்டார். மரங்கள் காய்ப்புக்கு வந்த பருவத்தில் சொறி நோய் விழுந்தது. இலை, காம்பு, காய் எங்கும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான புள்ளிகள். சந்தையில் அந்தக் காயை யாரும் கையில் எடுக்கவில்லை.

கடையில் கொடுத்த மருந்துக்கும் அடங்கவில்லை. பார்க்க வந்த வேளாண் அலுவலர், "இது பாக்டீரியாவால வர்றதுங்க. எலுமிச்சம்புல் தைலம் அடிச்சுப் பார்க்கலாம். ஆனா விழுந்த புள்ளி போகாதுங்க, புதுசா வர்ற கொழுந்தைப் பாருங்க," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு மனைவி மருதம்மாளின் காதில் ஏறியது. மகுடேஸ்வரன் காதில் ஏறவில்லை.

மருதம்மாள் தைலத்தைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, வெயில் தாழ்ந்ததும் மரம் மரமாக அடித்தாள். தோட்டமே மணத்தது. மகுடேஸ்வரனோ பழைய இலைகளையே புரட்டிக்கொண்டிருந்தார். கறை பட்ட துணியைக் கண்டதும் ஒதுக்கிப் பழகிய கண் அது.

"தைலத்துக்குச் சளிதான் போகும். இதெல்லாம் போகாது புள்ள."

"ஒரு மழை வரட்டுங்க. கொழுந்து உடட்டும், பாத்துக்கலாம்," என்று அவள் கெஞ்சினாள்.

மகளின் பிரசவத்துக்கு அவள் தாராபுரம் போயிருந்தபோது, ஜேசிபி வைத்து மரங்களை வேரோடு சாய்த்துவிட்டார். மோட்டார் ரூமை ஒட்டி நின்ற சில மரங்கள் பக்கம் மட்டும் வண்டி நுழைய முடியவில்லை.

மழை பெய்தது. மரங்களைச் சாய்த்த இடத்தில் விதைத்திருந்த மக்காச்சோளத்துக்கு உரம் வைக்கப் போனவர், ஏதோ நினைப்பில் மிஞ்சிய மரங்களில் ஒன்றின் கிளையை வளைத்தார். அடியிலைகளில் அதே சொறி. நுனியில் விட்டிருந்த கொழுந்தோ சுத்தமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மரத்தைப் பார்த்தார். அதிலும் ஒரு புள்ளி இல்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, தாராபுரத்திலிருந்து திரும்பியிருந்த மருதம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சாய்க்கிறதுக்கு முன்னால ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமுங்க," என்றாள். மறுபடி கீரையில் குனிந்துகொண்டாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுபடி நாற்று நடலாமா என்று பேச்செடுத்தால், "உங்க இஷ்டமுங்க," என்று எழுந்துபோய்விடுகிறாள். மிஞ்சிய மரங்களுக்கு இப்போது அவரே தைலம் கலக்கி அடிக்கிறார். காய் பளபளவென்று வருகிறது. அவள்தான் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை.