ஜெசிந்தினிக்குச் சொன்ன விலை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று அரசாங்க வேலைக்குப் போனால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே நிமிர்ந்து உட்காரும். ஜெசிந்தினிக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் கிடைத்தது தற்காலிக வேலைதான். முதல் சுற்றில் சேகரிக்கும் விவரம் சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அதற்குள் அவள் அம்மா இருதயம்மா, கொழுந்து எடுக்கிற மலையெல்லாம் செய்தியைப் பரப்பிவிட்டாள்.

லுணுகலைக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, சவர்க்காரம், உடுக்கும் சாரம், முடிவெட்டும் கூலி என்று எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து எழுத வேண்டும், அதுதான் வேலை. ஒரு நாட்டின் உற்பத்தியை வெறும் டொலரில் மாற்றிப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சில தேசங்களில் ஒரு டொலருக்கு ஒரு வாய்த் தேநீர் கூடக் கிடைக்காது, இங்கே குடும்பமே குடிக்கலாம். அதனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிச் சாமான்களின் விலையை எடுத்து, காசின் வாங்கும் சக்தியைக் கண்டுபிடித்து, பிறகுதான் உற்பத்தியை ஒப்பிடுவார்கள். அந்தப் பெரிய கணக்கில் லுணுகலையின் பங்கு அவள் கையில்! அந்த நினைப்பிலேயே அவள் நடை மாறிப்போனது.

பதுளை அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கிருஷ்ணராஜ் அவள் கொண்டுவந்த விலைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, மாகாணம் முழுக்க ஒரு வெலை, லுணுகலையில மட்டும் எல்லாம் மலிவா? கொழும்புலருந்து லொறி புடிச்சு வந்து வாங்கிட்டுப் போகலாம் போலிருக்கே. வீட்டுல குந்திக்கிட்டு எழுதினீங்களா?"

"சத்தியமா இல்லைங்க சேர். கடை கடையா ஏறி எறங்கிக் கேட்டேன்."

"அப்ப இந்தக் கெழமைக்குள்ள மறுபடி எடுத்துட்டு வாங்க. இதே மாதிரி வந்துச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

கள்ளி என்று சொல்லாமல் சொல்லிவிட்டாரே! பஸ்ஸில் வழி முழுக்க அவள் விலைப் பட்டியலையே திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

மறுநாள் வாஹித் நானாவின் பலசரக்குக் கடையில் முதலிலிருந்து தொடங்கினாள். பருப்புக்கு அவர் போன தடவை சொன்ன விலையையே சொன்னார். அந்நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் அதே பருப்பை வாங்க, அவரிடம் நானா கூட்டிச் சொன்னார்.

"நானா! எனக்கு மட்டும் ஏன் கொறைச்சுச் சொன்னீங்க?"

"நீ இருதயம்மாட மகள்தானே. ஒனக்கு எப்படிப் புள்ள அந்த வெலையச் சொல்ற? கலியாணம் சரிவந்துதான் சாமான் விசாரிக்கிற எண்டு கடைத்தெரு முழுக்கப் பேச்சு. எல்லாரும் பார்த்துத்தான் சொல்லியிருப்பாங்க."

ஜெசிந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரே சேர்ந்து அவளுக்குக் கலியாண விலை போட்டிருக்கிறது, அவள் அதை இலங்கையின் கணக்கில் சேர்த்திருக்கிறாள்! கலியாணமில்லை, அரசாங்கக் கணக்குக்குத்தான், உண்மை விலையைச் சொல்லுங்கள் என்று கடை கடையாகக் கெஞ்சிப் பார்த்தாள். கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஜவுளிக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் குறைத்தார், பாவி மனுஷன்.

அவள் கிருஷ்ணராஜுக்குப் போன் போட்டாள். "நீங்களே வந்து பாருங்க சேர். என்னையத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க."

அவரும் வந்தார். கடைக்குள் அவர் முதலில் போய் விலை கேட்டார், பிறகு அவள் போய்க் கேட்டாள். போன கடையெல்லாம் அதே கூத்து. கடைசியில் மனுஷன் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சேர், என்னைய அப்புத்தளைக்குப் போடுங்க. அங்க விலை எடுக்கிற தனுஜாவ இங்க போடுங்க. அங்க நான் யார் மகள்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அப்படியே மாற்றினார்கள். அப்புத்தளையில் அவளை யாரும் விசாரிக்கவில்லை, கேட்ட விலையை முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். இரண்டு ஊர்க் கணக்கும் நேராக வந்தது. இப்போது அந்த அலுவலகத்தில் யாரையும் சொந்த ஊரில் விலை கேட்க அனுப்புவதில்லை. அது ஜெசிந்தினி போட்ட சட்டம்.

வேலை நிரந்தரமான அன்று அவள் நேரே வாஹித் நானா கடைக்குத்தான் போனாள்.

"பருப்பு ஒரு கிலோ குடுங்க நானா. எல்லாருக்கும் குடுக்கிற வெலைக்கு."

"என்ன புள்ள, கோவமா?"

"கோவமில்ல நானா. இனி எனக்கு மாசச் சம்பளம்."

நானா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தராசில் பருப்பை நிறுத்து, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி முழு விலையையும் சொன்னார். ஜெசிந்தினி பேரம் பேசாமல் காசை எடுத்துக் கொடுத்தாள்.