எள்ளுருண்டை இடித்தது நான்தான்

பிள்ளைகளே, உங்கள் அம்மா களவாக இனிப்புத் தின்றுதான் நீரிழிவு வருத்தத்தைக் கூட்டிக்கொண்டார் என்று நீங்கள் இன்றைக்கும் சொல்கிறீர்கள். அது உண்மை இல்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து நான் வீட்டுக்குச் சீனி வாங்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது பதநீரில் காய்ச்சிய பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோம். பனங்கட்டி மருந்துச் சாமான், அது சீனியில் சேராது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். அந்த வருடம் எங்கள் மேட்டுக்காணியில் எள்ளு நன்றாக விளைந்தது. எள்ளு சீனியைக் குறைக்கும் என்று சந்தையில் யாரோ சொல்லக் கேட்டுவந்து, வறுத்து, பனங்கட்டி சேர்த்து உரலில் இடித்தேன். காலையில் ஒரு உருண்டை, பின்னேரம் ஒன்று.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பதான் உரல் எங்க கிடக்குதெண்டு கண்டுபிடிச்சிருக்கிறியள்" என்று அம்மா சிரித்தார்.

அடுத்தடுத்த கிளினிக்கிலும் சீனி ஏறித்தான் இருந்தது. மருந்துக் குளிசையைக் கூட்டினார்கள். எள்ளுப் போதவில்லையாக்கும் என்று நான் உருண்டையைப் பெரிதாக்கினேன்.

பிறகுதான் எள்ளு அறுத்த காணியில் அடிக்கட்டை ஒன்று அம்மாவின் காலில் குத்தியது. கால் மரத்திருந்ததால் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சமைக்கும் குசினி நிலத்தில் இரத்தத்தைக் கண்டு நான்தான் சொன்னேன். புண் ஆறவே இல்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் காலையே வெட்டி எடுக்கவேண்டும் என்றார்கள்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்க, அம்மா எள்ளுருண்டையைச் சொன்னார்.

"எள்ளுப் பிழையில்லையம்மா, அளவாச் சாப்பிடலாம். ஆனா அது குளிசையின்ர வேலையைச் செய்யாது. பனங்கட்டியும் இரத்தத்துக்குள்ள போனா சீனிதான். ஆர் இதைச் செய்து தந்தது?"

நான் கட்டிலோடு நின்றேன். நீங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றீர்கள். நான் வாய் திறக்கமுதல் அம்மா சொன்னார்: "நான்தான் ஐயா களவாச் செய்து சாப்பிட்டனான். இவருக்கு ஒண்டும் தெரியாது."

"வாயைக் கட்டேலாதோ அம்மா உங்களுக்கு?" என்று மூத்தவள் அழுதாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் பேசாமல் நின்றேன்.

காலை எடுத்த பிறகு அவர் ஒரு மாரிமழைக் காலம்தான் உயிரோடு இருந்தார். அந்த மாரி முழுக்க நீங்கள் வரும்போதெல்லாம் அம்மாவின் தலையணைக்குக் கீழே இனிப்புத் தேடினீர்கள். அவர் தலையைத் தூக்கி இடம் விட்டார். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.