பாய் ஓட்டிய கடைசி ரீல்

நான் கல்யாணமாகி ஏற்காட்டு மலையில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு வந்த புதிதில் நடந்தது இது. டிவி எங்கள் மலையை எட்டிப் பார்க்காத காலம். வருஷா வருஷம் பழம் பறித்து முடிந்ததும் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு படம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் காபி குடோன் ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் தியேட்டர் தயார்.

அந்த வருஷம் பெரிய சரித்திரப் படம். அப்போது நான் பிள்ளைத்தாச்சி. முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால், நான் தும்மினால்கூடத் தொழிலாளர் லைன் வீடுகளே பதறும். வேண்டாம் என்ற வீட்டுக்காரரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாதித்து, முன்னால் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் அதே படத்தைப் பார்த்தவர்கள் சிலர், ஆசை அடங்காமல் படப்பெட்டி வந்த ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட படம்! யானைகளும் குதிரைகளுமாகத் திரை கொள்ளவில்லை. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தபோது ஆண்கள் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகாத எங்களுக்குச் சரித்திரம் என்றால் அதுதான்.

கதையில் ராணியும் கர்ப்பிணி. எதிரிகள் கோட்டையை வளைத்துக்கொள்ள, இடுப்பு வலியோடு சுரங்கத்துக்குள் தனியாக இறங்குகிறாள். அங்கே படம் நின்றது. கடைசி ரீலை ஆபரேட்டர் கொட்டச்சேட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். ஜீப்பும் போய்விட்டது. நடந்து போய் எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எங்கள் ஜனங்கள் கூத்து பார்த்தாலும் கதை கேட்டாலும் மங்களம் பாடாமல் எழுந்திருக்க மாட்டார்கள். பிள்ளைத்தாச்சி எழுந்திருக்கவே கூடாது.

"இவ வயித்துல புள்ளயோட இருக்கறவளுங்க. பாதியில எந்திரிச்சா நல்லதுங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போனார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளையும் தங்காது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது எஸ்டேட் முக்கில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் எழுந்து வந்தார். சரக்கெடுக்கச் சேலம் போனால் ஒரு படம் பார்க்காமல் மலையேற மாட்டார்.

"எல்லாரும் உக்காருங்க. இந்தப் படத்த நான் சேலத்துல பாத்துட்டனுங்க. மிச்சத்த நான் சொல்றனுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அழுவாத கண்ணு. ராணி நொம்ப நல்லா இருக்கறா" என்றார். 

அந்த வெறும் வேட்டிக்கு முன்னால் நின்று சொன்னார் பாருங்கள்! பிளிறியதும் அவர்தான், தகர டின்னில் முரசு கொட்டியதும் அவர்தான். சுரங்கத்தின் மறுவாசல் ஒரு மலையில் திறந்ததாம். அங்கிருந்த பெண்கள் பிரசவம் பார்த்தார்களாம். ஜெயித்து வந்த ராஜா, ராணியையும் குழந்தையையும் யானைமேல் ஏற்றி ஊர்வலம் வந்தாராம். அக்கா கற்பூரம் கொளுத்தினார். கொட்டச்சேட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே வீடு போனேன். மகள் சுகமாகப் பிறந்தாள்.

போன வருஷம் அந்த மகள் வீட்டு டிவியில் அதே படம் வந்தது. சுரங்கக் காட்சி வந்ததும், "இரு, இப்ப யானை வரும்" என்றேன். வரவில்லை. ராணி குழந்தையோடு சுரங்கத்துக்குள்ளேயே செத்துப்போனாள். கோட்டை எரிந்தது. படம் முடிந்தது.

நான் விக்கி விக்கி அழுததைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். பாய் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அன்று காலையில்தான் ராணி செத்ததைப் பார்த்துவிட்டு வந்த கொட்டச்சேட்டுப் பெண்கள், மதியம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குலவை போட்டிருக்கிறார்கள்.

பிரம்மாண்டமான படம் என்று இப்போது யார் எதைச் சொன்னாலும், என் பிள்ளைக்காக ஒரு குடோன் ஜனமே சேர்ந்து ஓட்டிய அந்தக் கடைசி ரீல்தான் என் கண்ணில் ஓடுகிறது.