பராக்குக் காட்டிவிட்டு

ரதி கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் கட்டாருக்குப் போனான், போனவன் போனவன்தான். மூன்றரை வயது மகள் டிலுக்ஷி ஒருத்திதான் துணை. அந்தத் துணையையும் காலையில் நேசம் அக்கா நடத்தும் பிள்ளை பராமரிப்பு வீட்டில் விட்டுவிட்டு, 155 பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு ஓடவேண்டும். என்ன வேலை? இன்னொருத்தர் பிள்ளையைப் பார்க்கிற வேலை. அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்லுவது?

டிலுக்ஷி அழுவாள் என்ற பயத்தில் ரதி ஒருநாளும் சொல்லிக்கொண்டு போனதில்லை. நேசம் அக்கா ஜன்னலில் காகத்தைக் காட்டுவார். இவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவாள். எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். ஆனால் வெள்ளவத்தையில் ஷிஹாரா மேடம் வீட்டில் வேறு சட்டம். மேடத்தின் மகன் ஜவாத் முன்னால் உட்கார்ந்து, நாளைக்கு வருவேன் என்று சொல்லாமல் படி இறங்கக்கூடாது. சம்பளம் வாங்குகிறவள் சொல்லத்தானே வேணும்.

டிலுக்ஷி கடிக்கத் தொடங்கினாள். கதவுப் பக்கம் எந்தப் பிள்ளை போனாலும் பல் பதியக் கடி. மூன்றாவது பிள்ளையின் தாய் வந்து சண்டை பிடித்ததும், இனி ஒரு கடி என்றாலும் வைத்திருக்க ஏலாது என்று நேசம் அக்கா கையை விரித்துவிட்டார். இடம் போனால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு எரியாது. மறுநாள் காலை ரதி மகளின் தாடையைப் பிடித்து, "இனி யாரையாச்சும் கடிச்சா, அம்மா ஒன்ன விட்டுட்டுப் போயிருவேன்" என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போல நழுவினாள்.

பின்னேரம் நேசம் அக்கா சிரித்த முகமாக நின்றார். ஒருத்தரையும் கடிக்கவில்லை, நல்ல பிள்ளை என்றார். ரதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறைக்கு வந்து, குளிப்பாட்ட நீளக் கைச் சட்டையைக் கழற்றினால், மகளின் இடது கை முழுக்கப் பல் அடையாளம். சின்னப் பல்.

"நான் யாரையும் கடிக்கலம்மா" என்றாள் பிள்ளை.

ரதி ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். என்ன ஏது என்று கேட்க ஒரு சீவன் இல்லை.

அடுத்த நாள், பராக்குக் காட்ட வேண்டாம் என்று நேசம் அக்காவிடம் சொன்னாள். மகளின் முன்னால் குந்தி, "அம்மா வேலைக்குப் போறேன். பின்னேரம் வருவேன்" என்றாள். டிலுக்ஷி ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கதறினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. ரதி காதைப் பொத்தவில்லை. கதறட்டும். வாய் திறந்து கதறுகிற மட்டும் தன் கையைக் கடிக்க முடியாதே.