பத்துக்கு ஆறு சொன்ன ஹலீமா ராத்தா

சாவுச் செய்தி வந்தபோது நான் உப்புப் பாத்தி வரப்பில் நின்றேன். ஹலீமா ராத்தாவின் மகள் கொழும்பிலிருந்து போனில் பேசினாள். "உம்மா மௌத்தாகிட்டா, சாச்சி. ஒப்பரேசன் முடியிறதுக்குள்ளயே." பாத்தி நீரில் வானம் கிடந்தது. மேகம் என் காலடியில் ஊர்ந்து போனது. கொஞ்ச நேரம் எதன் மேல் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

புத்தளத்தில் எங்களோடு உப்பு அள்ளிய எல்லோருக்கும் ராத்தாவைத் தெரியும். என்னைப் போல மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அக்கா முறை என்பதால் எனக்கு ராத்தா. மழை வருமா என்று கேட்டால் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பத்துக்கு ஆறு வரும், நாலு வராது என்பார். நாளைய கதை அல்லாஹ்வின் கையில் இருக்க நீங்கள் எப்படிக் கணக்குச் சொல்லலாம் என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன். "நடக்கப்போறத அவன் அறிவான், புள்ள. எனக்குத் தெரியாதது எவ்வளவு எண்டுதான் நான் சொல்றன்."

ஒரு காலை கடலோரக் களப்புப் பக்கம் வானம் கறுத்தது. ராத்தா பத்துக்கு ஆறு என்றார். மழை விழுந்தால் எல்லாம் கரைந்துபோகும் என்று முற்றாத உப்பை அள்ளிவிட்டோம். மழை வரவில்லை. பக்கத்துப் பாத்திக்காரர்கள் பொறுத்திருந்து முற்றிய உப்பைக் கல்லுக் கல்லாக அள்ளினார்கள். குடை கொண்டுவரவில்லையா என்று எங்களைக் கேட்டார்கள். எனக்கும் ஆத்திரம். "உங்கட ஆறு எங்க, ராத்தா?"

அவர் சிரித்தார். "நாலு வந்திட்டுது. இதே மேகம் நாளைக்கு வந்தாலும் அள்ளத்தான் சொல்லுவன்."

பிறகு அவருக்கு இருதயத்தில் பழுது கண்டார்கள். ஒப்பரேசன் செய்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைப்பார்கள், செய்யாவிட்டால் வருடம் தாண்டுவது கஷ்டம் என்றார் டொக்டர். செய்யவா வேண்டாமா என்று ராத்தா என்னிடம் வந்து கேட்டார். நீங்களே எண்ணிப் பார்க்கலாமே என்றேன். தன் விசயத்தில் பயம்தான் எண்ணுகிறது, தான் எண்ணவில்லை என்றார். மூன்று நாள் யோசித்தேன். செய்யுங்கள் என்றேன்.

ஒப்பரேசனுக்குக் கொழும்பு பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்தார். "நான் திரும்பி வராட்டியும் நீ சொன்னது பிழையாகாது, புள்ள. இண்டைக்குத் தெரிஞ்சத வச்சுத்தானே சொன்னாய்."

செய்யச் சொன்னது நான்தான் என்று அவருடைய மகளிடம் இதுவரை சொல்லவில்லை. இங்கே எழுதிச் சொல்லிவிட்டேன்.

பஸ் வாசலில் சொன்ன அந்தச் சொல்லைத்தான் ராத்தாவிடமிருந்து வைத்திருக்கிறேன். முழுதாக நம்ப இன்னும் வரவில்லை. அவருடைய மகளின் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை குறைகிறது. ஈரக் காற்று முகத்தில் படும் விடியலில் கூடுகிறது. இன்று காலை பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.